நிக்கிற படிக்கு என்ன பாட்டு?

ஓம் சரவணபவ.



போன வாரம் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு தம்பிகிட்ட இருந்து போன். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில அப்ரண்டிஸா இருக்கிற பையன். டிப்ளமோவில நாலு அரியர் பாக்கி. வீட்டில ரெண்டுன்னு சொல்லி வச்சிருக்கான். பரீட்சைக்கு இன்னும் பத்து பன்னிரண்டு நாள்தான்.

"அண்ணா, புக்கைத் திறந்தாலே கை நடுங்குது. இந்தத் தடவையும் போச்சுன்னா நான் எதுக்கும் லாயக்கில்லன்னு ஆயிடும்ல? முருகன்கிட்ட என்னன்னு வேண்டிக்கிறதுன்னே தெரியல."

அந்த நேரத்துக்கு எனக்கு வந்த பதில், "தண்ணி குடிடா, தூங்குடா, முருகன் பார்த்துப்பான்"ங்கிறதுதான். முக்கால் மணி நேரம் பேசினோம். அவன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லைன்னு போனை வச்ச பிறகுதான் உறைச்சது. அதனால இந்தப் பதிவு. அவனுக்கு எழுதுறேன், அவனை மாதிரி ராத்திரி முழிச்சிட்டு இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து.

முதல்ல என் கதை. இதை இங்க நான் சொன்னதே இல்லை, வெட்கம்தான் காரணம்.

எனக்குச் சொந்த ஊர் திருவள்ளூர். வேலை, தொழிற்சாலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுறது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பி உருட்டுற ஆலையில எடைமேடைக்கு, அதாங்க வேபிரிட்ஜுக்கு, ப்ரோக்ராம் எழுதுற பொறுப்பு எனக்கு வந்தது. கவரப்பேட்டையில ரூம் எடுத்துத் தங்கினேன்.

எடைமேடை கணக்கு ரொம்ப எளிமையானது. லாரி காலியா உள்ள வரும்போது ஒரு எடை. கம்பி ஏத்திட்டு வெளிய போகும்போது ஒரு எடை. இதுல அதைக் கழிச்சா சரக்கோட எடை. அந்த எடைக்குத்தான் பில், அதை வச்சுத்தான் இ-வே பில், அது கையில இருந்தாத்தான் வண்டி கேட்டைத் தாண்டும்.

இதுல நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். சில நேரம் மேடையில இருந்து கம்ப்யூட்டருக்கு எடை வர தாமதமாகும். வண்டி காத்து நிக்கக் கூடாதேன்னு, "எடை வரலைன்னா, இதே வண்டிக்குக் கடைசியா பதிவான காலி எடையை எடுத்துக்கோ"ன்னு எழுதி வச்சேன். வண்டி அதே வண்டிதானே, எடை எங்க மாறிடப் போகுதுன்னு நினைப்பு.

ஐப்பசி மாசம். அடைமழை. அன்னைக்கு ராத்திரி ஒயர்ல ஏதோ கோளாறு, எடை சரியா வரலை. என் ப்ரோக்ராம் சத்தமே போடாம பழைய எடையை எடுத்துக்கிட்டே இருந்தது. ஒரு வண்டி போன டிரிப்பில காலியா 9,860 கிலோ. அன்னைக்கு டேங்க் நிறைய டீசல், சக்கரம் பூரா சேறு, தண்ணி ஊறின தார்ப்பாய், எல்லாம் சேர்ந்து 10,120 கிலோ. 260 கிலோ வித்தியாசம். அந்த 260 கிலோவும் கம்பி கணக்கில ஏறிடுச்சு. சேத்தையும் மழைத்தண்ணியையும் கம்பி விலைக்கு வித்துட்டோம். இப்படிப் பதினொரு வண்டி.

வாங்கின இடத்துல எடை போட்டுப் பார்த்தப்போ விஷயம் வெடிச்சது. மறுநாள் காலையில கேட்டுக்கு வெளிய லாரிங்க வரிசையா நிக்குது. டிரைவருங்க கத்துறாங்க. நான் நடுவில லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறேன். எல்லாரும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. உண்மையிலேயே பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க.

எடைமேடையில உட்கார்ந்திருக்கிற அண்ணனுக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். அவர் மட்டும் கோபப்படலை. டீ வாங்கிக் கொடுத்துட்டு சாதாரணமா ஒண்ணு சொன்னார். "தம்பி, வண்டியை ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் எடை போடணும். நேத்து எடை நேத்தோட சரி. இது நாங்க வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தர்றது."

ப்ரோக்ராமை அன்னைக்கே சரி பண்ணிட்டேன். வேலையும் போகலை, ஒரு நாள் திட்டோட முடிஞ்சது. ஆனா எனக்குள்ள ஒண்ணு உடைஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் எந்த மாற்றத்தைப் போடப் போனாலும் கை வேர்க்கும். நாலு வரி எழுதிட்டு நாற்பது தடவை சரிபார்ப்பேன். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடும், லாரி ஹாரன் கேக்கிற மாதிரி இருக்கும். கூடப் படிச்சவங்க லிங்க்ட்இன்ல போடுறதையெல்லாம் பார்த்துப் பார்த்து, இவங்க எல்லாரும் நிஜ இன்ஜினியர், நான் மட்டும் ஏதோ தப்பித் தவறி உள்ள வந்துட்டேன்னு தோணும். இதுல ஏஐ வந்து எல்லாரையும் தூக்கிடும்னு தினமும் ஒரு செய்தி வேற. புதுசா பெரிய வேலை கொடுத்தா, "வேற யாராவது பண்ணட்டும் சார்"னு ஒதுங்க ஆரம்பிச்சேன். ராஜினாமா கடிதம் கூட எழுதி டிராஃப்ட்ல வச்சிருந்தேன்.

இந்த லட்சணத்துல டிசம்பர் வந்தது. அந்த எடைமேடை சாஃப்ட்வேரை முழுசா மாத்தி, ஜனவரி முதல் வாரம் ஓட விடணும். பொறுப்பு மறுபடி என் தலையில. அதைக் கேட்டதுல இருந்து சரியாச் சாப்பிடலை.

டிசம்பர் 31 அன்னைக்குப் பெரியம்மா போன் பண்ணாங்க. வருஷா வருஷம் பஜனைக் கோஷ்டியோட திருத்தணி படித் திருவிழாவுக்குப் போறவங்க. "லீவுதானேடா? மூட்டை தூக்க ஆள் வேணும், வா"ன்னாங்க. பக்தியில போகலை, மூட்டை தூக்கத்தான் போனேன். திருவள்ளூர்ல ரயில் ஏறி அரக்கோணம் வழியா திருத்தணி.

படித் திருவிழா பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படின்னு சொல்லுவாங்க. டிசம்பர் 31 அன்னைக்கு ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வச்சு, கற்பூரம் ஏத்தி, திருப்புகழ் பாடிப் பாடி ஏறுவாங்க. ராத்திரி மேல போய்ச் சேர்ந்து, புது வருஷம் பிறக்கும்போது சுவாமி தரிசனம்.

இதை ஆரம்பிச்சு வச்சவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1870-ல பிறந்தவர், இயற்பெயர் அர்த்தநாரி, மைசூர் அரண்மனையில சமையல்காரரா இருந்தவர். தீராத வயித்து வலியோட பழனிக்குப் போனவர், அங்க திருப்புகழ் காதில விழுந்ததும் அப்படியே அதுக்குள்ள போயிட்டார். தமிழ் எழுத்தே சரியாத் தெரியாம இருந்தவர், திருப்புகழ் படிக்கணும்ங்கிறதுக்காகவே பிற்பாடு உட்கார்ந்து கத்துக்கிட்டார்னு சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் காலம் அது. ஜனவரி 1 ஆச்சுன்னா நம்ம ஆளுங்க எலுமிச்சம்பழத்தோட துரைங்க வீட்டு வாசல்ல போய் நிப்பாங்களாம். "எல்லா துரைக்கும் பெரிய துரை தணிகை மலையில இருக்கான், அவனைப் போய்ப் பாருங்க"ன்னு 1917 கடைசியில இந்தத் திருவிழாவைத் தொடங்கி வச்சார். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் நடக்குது.

பாடுற பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. அருணகிரிநாதர் 16,000 பாட்டு பாடினார்னு சொல்லுவாங்க. கிடைச்சது 1,300-க்குக் கொஞ்சம் மேல. அதுவும் வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊரா ஏட்டுச்சுவடி தேடி, ஒண்ணொண்ணா ஒப்பிட்டு, 1894-ல ஒரு பாகம், 1901-ல இன்னொரு பாகம்னு அச்சுப் போட்டதால நம்ம கைக்கு வந்தது. கோர்ட்டு வேலை பார்த்துக்கிட்டே பண்ணினார் மனுஷன். மொத்தம் எத்தனை கிடைக்கும், எப்ப முடியும்னு தெரிஞ்சா தொடங்கியிருப்பார்?

சரி, படிக்கு வருவோம்.

நான் மூட்டையோட பின்னாடி ஏறிட்டிருக்கேன். ஒரு படியில கற்பூரம், பாட்டு. அடுத்த படி, கற்பூரம், பாட்டு. ரொம்ப மெதுவாப் போகுது. எனக்குள்ள வழக்கமான ஓட்டம். இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு, டேட்டா மாத்துற வேலை முடியலை, அன்னைக்கும் மழை பெஞ்சா என்ன பண்றது, மறுபடி பதினொரு வண்டி நின்னா அவ்வளவுதான். நடுவில போனை எடுத்து ஆபீஸ் மெசேஜ் பார்க்கிறேன். பொறுக்க முடியாம, "பெரியம்மா, இன்னும் எத்தனை படி?"ன்னேன்.

பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கலை. குனிஞ்சு குங்குமம் வச்சுக்கிட்டே கேட்டாங்க: "எத்தனை படி மிச்சம்னு கேக்கிறியே, நீ நிக்கிற படிக்கு என்ன பாட்டு ஓடுதுன்னு சொல்லு பார்க்கலாம்?"

தெரியலை. என் காதுக்கு ரெண்டடி தூரத்துல இருபது பேர் ஜால்ரா போட்டுப் பாடிட்டிருக்காங்க, எனக்கு ஒரு சொல்கூட உள்ள போகலை. நான் அங்க இல்லவே இல்லை. பாதி நான் ஐப்பசி மாச மழையில கேட்டுக்கிட்ட நிக்கிறேன். மீதி நான் ஜனவரி மாசத்துல, இன்னும் நடக்காத ஒரு ராத்திரியில திட்டு வாங்கிட்டிருக்கேன். அந்தப் படியில நின்னது மூட்டை மட்டும்தான்.

எடைமேடை அண்ணன் சொன்னது அப்பத்தான் சுரீர்னு வந்தது. நேத்து எடை நேத்தோட சரி. என் ப்ரோக்ராம் பண்ணின அதே தப்பைத்தான் நான் என் விஷயத்துல பண்ணிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு நான் யாரு, என்ன தெரியும், எவ்வளவு பலம்னு புதுசா எடை போட்டுப் பார்க்காம, ஐப்பசியில பதிவான எடையையே திரும்பத் திரும்ப எடுத்து, என்னைக் கழிச்சுக்கிட்டே இருந்தேன். தப்பு நடந்த அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் கத்துக்கிட்டது எதுவுமே அந்தக் கணக்கில ஏறலை.

தம்பி, உன் அரியரும் அப்படித்தான். நாலு தடவை போச்சு. அது நடந்தது, இல்லைன்னு சொல்லலை. ஆனா இன்னைக்குப் புக்கைத் திறக்கும்போது உன் கையை நடுங்க வைக்கிறது இந்தப் பாடம் இல்லை. போன தடவை ரிசல்ட் பார்த்த அந்த நிமிஷமும், வரப்போற ரிசல்ட்டை நீயே கற்பனை பண்ணி வச்சிருக்கிற நிமிஷமும்தான். அந்த ரெண்டு நிமிஷமும் இப்ப உன் மேஜை மேல இல்லை.

இதுக்கு அருணகிரிநாதர் வாழ்க்கையில ஒரு இடம் இருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். வாழ்க்கையைத் தொலைச்சுட்டோம்னு மனசு வெறுத்து, திருவண்ணாமலை வல்லாள மகாராஜா கோபுரத்துல இருந்து குதிச்சார். முருகன் கையில தாங்கினான். தாங்கினவன் என்ன சொல்லியிருக்கணும்? "நீ பெரிய ஆளு, பதினாறாயிரம் பாட்டு பாடப் போறே"ன்னு சொல்லித் தேத்தியிருக்கலாம். அப்படி எதுவும் சொல்லலை. "சும்மா இரு"ன்னான். ரெண்டே சொல்லு. சும்மா இருன்னா வேலைக்கு லீவு போட்டுட்டுப் படுத்துக்கோன்னு அர்த்தம் இல்லை (நான் ரொம்ப நாள் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன், சௌகரியமா இருந்தது). மனசு ஓயாம போடுற அந்தச் சத்தம் இருக்கே, நான் அப்படி, நான் இப்படி, எனக்கு வராது, முடியாதுன்னு, அதை நிறுத்திட்டு இருக்கிற இடத்துல இரு. பாட்டு அதுக்கப்புறம்தான் வந்தது, அதுவும் அவனே முதல் சொல்லை எடுத்துக் கொடுத்து.

இந்த இடத்துல ஒண்ணு நேராச் சொல்லிடுறேன். கோபுரக் கதையைப் படிச்சுட்டு யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. இருட்டு அந்த அளவுக்குப் போயிடுச்சுன்னா, தனியா உட்கார்ந்து தியானம் பண்ணிச் சமாளிக்கப் பார்க்காதீங்க. யாரையாவது எழுப்புங்க. 14416-க்குப் போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். தாங்கிப் பிடிக்கிற கை எந்த ரூபத்துல வேணா வரும். அந்தத் தம்பி ஒன்றரை மணிக்கு எனக்குப் போன் பண்ணினது கோழைத்தனம் இல்லை, அன்னைக்கு அவன் பண்ணின நல்ல காரியமே அதுதான்.

அடுத்து, தோல்வி. தோத்தவனை முருகன் எப்படிப் பார்ப்பான்னு சில பேருக்குக் கவலை. அவனே தோத்தவன்தானே? மாம்பழப் போட்டி ஞாபகம் இருக்கா? உலகத்தையே சுத்தி வந்தும் பழம் கைக்கு வரலை. கோவிச்சுக்கிட்டு ஆண்டியாப் போய் நின்ன மலைதான் பழனி. இன்னைக்கு வரைக்கும் கோடிக்கணக்கான ஜனம் காவடி தூக்கிட்டு ஏறுறது அந்தப் பிள்ளை தோத்துப்போய் நின்ன இடத்துக்குத்தான். பழனியில ஆரம்பிச்ச கோபம் வேற, சூரனோட போட்ட சண்டையில வந்த கோபம் வேற. ஆனா கோபம் தணிஞ்சு உட்கார்ந்த இடம் நம்ம மாவட்டத்துல இருக்கு, தணிகைன்னு பேரே அதனாலதான். மத்த படைவீடெல்லாம் விடுங்க, கந்த சஷ்டிக்குத் திருத்தணியில சூரசம்ஹாரம் கிடையாது. அன்னைக்குப் பூவைக் கொட்டி புஷ்பாஞ்சலிதான் நடக்கும். சண்டை முடிஞ்சு போச்சு, இங்க மறுபடி அதை நடத்திப் பார்க்கிறதில்லை. நம்ம மனசு மட்டும் தினமும் ராத்திரி மூணு மணிக்கு ஒரு சூரசம்ஹாரம் நடத்துது, அதுவும் சூரனே ஜெயிக்கிற மாதிரி.

இப்ப ஒரு சந்தேகம் வரும். இந்த நிமிஷத்துல இருன்னா, நாளைக்குத் திட்டம் போடக் கூடாதா? எனக்கும் வந்தது. ஆலையில திட்டம் இல்லாம ஒரு போல்ட்டைக்கூடக் கழட்ட முடியாது. பெரியம்மா கோஷ்டியும் திட்டம் போட்டுத்தான் வந்தாங்க. 365 படிக்கும் கற்பூரம் எண்ணி எடுத்துட்டு வந்தாங்க, மூட்டை தூக்க ஒரு மடையனையும் ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. ஆனா திட்டம் போடுறதும் ஒரு படி. அந்தப் படியில நின்னு அதைப் போட்டு முடிச்சுட்டு இறங்கி வந்துட்டாங்க. நான் பண்ணிக்கிட்டிருந்தது திட்டம் இல்லை, பயத்தைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கிறது. ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது சுலபம். திட்டம் போட்டு முடிச்சா கையில ஒரு தாள் இருக்கும். ஒத்திகை பார்த்து முடிச்சா வேர்வைதான் இருக்கும்.

அன்னைக்கு மிச்சம் இருந்த படியெல்லாம் நான் போனை உள்ள வச்சுட்டு ஏறினேன். பாட்டு பாதி புரியலை, சந்தம் மட்டும் பிடிச்சுக்கிட்டேன். கற்பூர வாசனை, காலுக்குக் கீழ கல்லோட சில்லிப்பு, பக்கத்துல ஒரு பாட்டியோட மூச்சு வாங்கல். மூணு படி நல்லா இருப்பேன், நாலாவது படியில மனசு கும்மிடிப்பூண்டிக்கு ஓடிடும். திரும்பக் கூட்டிட்டு வருவேன். மறுபடி ஓடும். மொத்தத்துல எத்தனை படியில முழுசா இருந்தேன்னு கேட்டா, ஐம்பது இருக்கலாம். ஆனா மேல போனப்ப தோள்ல இருந்த மூட்டை கீழ ஏறினப்ப இருந்ததைவிட லேசா இருந்தது. கற்பூரம் தீர்ந்துபோச்சுன்னு பெரியம்மா சொன்னாங்க. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அப்போ இருந்து நான் செய்யுறது இதுதான். பெரிய யோகம் எல்லாம் இல்லை. பயமா இருக்கிற ஒரு வேலைக்கு முன்னாடி, பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி, கால் ரெண்டையும் தரையில அழுத்தி வைப்பேன். எங்க இருக்கேன்னு உடம்புக்குத் தெரியணும். அப்புறம் ச, ர, வ, ண, ப, வ. ஒரு மூச்சுக்கு ஒரு எழுத்து, ஆறே மூச்சு. அவசரமாச் சொன்னா பயம் அப்படியே கூட வரும், அதனால மெதுவா. ஆறாவது மூச்சு முடிஞ்சதும் பெரியம்மா கேட்ட கேள்வியை எனக்குள்ள கேட்பேன்: நிக்கிற படிக்கு என்ன பாட்டு? அதாவது, இப்ப, இந்த அஞ்சு நிமிஷத்துல கையில இருக்கிற வேலை என்ன? பதில் எப்பவும் சின்னதாத்தான் வரும். "இந்த ஃபைலை ஒரு காப்பி எடுத்து வை." "இந்த ஒரு வரியைப் படி." உனக்குன்னா, "அஞ்சாவது யூனிட்ல முதல் கணக்கு."

பாதி நாள் மூணாவது எழுத்துலயே மனசு நழுவிடும். அதைத் தோல்வின்னு எண்ணிடாதே, அப்புறம் அதுக்கும் ஒரு பயம் பிடிச்சுக்கும். நழுவினது தெரிஞ்சுதுல்ல, அப்பவே திரும்பி வந்தாச்சு. ச-வில இருந்து தொடங்கு.

ஜனவரியில என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. முருகன் அருளால எல்லாம் அமோகமா நடந்ததுன்னு எழுத ஆசைதான். நடந்ததை எழுதுறேன். ராத்திரி ஷிஃப்ட்ல புது சாஃப்ட்வேரைப் போட்டோம். முதல் வண்டிக்கே பிரிண்டர் மக்கர் பண்ணுச்சு. மூணாவது வண்டி மேடையில ஏறி நிக்குது, எடை வரலை. பழைய நடுக்கம் காலுல இருந்து கிளம்பி மேல வர்றது நல்லாத் தெரிஞ்சது. ஆனா இந்தத் தடவை ப்ரோக்ராம் பழைய எடையைத் தேடிப் போகலை. நின்னுடுச்சு. திரையில "எடை வரவில்லை. மீண்டும் எடை போடவும்"னு வந்தது. அப்படி நிக்கட்டும்னு நான்தான் எழுதியிருந்தேன்.

ஐப்பசியில பட்ட பயம்தான் அந்த வரியை என்னை எழுத வச்சது. சூரனை முருகன் அழிச்சிடலை பாருங்க. கடலுக்கு நடுவில மாமரமா நின்னவனை வேலால ரெண்டாப் பிளந்து, ஒரு பாதியை மயிலாக்கி அது மேல ஏறிக்கிட்டான், இன்னொரு பாதியைச் சேவலாக்கிக் கொடியில வச்சுக்கிட்டான். விடிஞ்சுதுன்னு கூவுறதுக்கு ஒருத்தன், தூக்கிட்டுப் போறதுக்கு ஒருத்தன். என் பயத்துக்கும் இப்ப வேலை கொடுத்து வச்சிருக்கேன். எங்க தப்பு வரலாம்னு அது கூவட்டும், நான் எழுதி வச்சுக்கிறேன். ராத்திரி மூணு மணிக்கு எழுப்பினா, "காலையில வா, லிஸ்ட்டில போடுறேன்"னு சொல்லிடுறேன். சில நாள் கேக்குது, சில நாள் கேக்கிறதில்லை.

அன்னைக்கு எடைமேடை அண்ணன் கீழ இறங்கி, டார்ச் அடிச்சு, கழண்டு கிடந்த கனெக்டரைக் கண்டுபிடிச்சார். அழுத்திச் சொருகினோம். "சார், இப்ப நிக்குது பாருங்க, இது நல்லது. அன்னைக்கு நிக்காம ஓடுச்சு"ன்னார். எல்லாம் ஒழுங்காக நாலு மணி ஆயிடுச்சு. யாரும் பாராட்டலை. டீ குடிச்சுட்டு ரூமுக்குப் போய்ப் படுத்தேன். ராஜினாமா கடிதம் இன்னும் டிராஃப்ட்லதான் இருக்கு, அழிக்கணும்னு தோணலை, அனுப்பணும்னும் தோணலை.

அந்தத் தம்பி நேத்து மறுபடி போன் பண்ணினான். வீட்டில நாலுன்னு உண்மையைச் சொல்லிட்டானாம். அப்பா ரெண்டு நாள் பேசலை, மூணாவது நாள் டியூஷனுக்குப் பணம் கொடுத்திருக்கார். கை நடுக்கம் நின்னுடுச்சான்னு கேட்டேன். "இல்லண்ணா, நடுங்குது. நடுங்கிக்கிட்டே ஒரு யூனிட் முடிச்சேன்"னான்.

வர்ற செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் சிறுவாபுரி போறோம். சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய் வர்றவங்க கூட்டம் நெட்டித் தள்ளும், எங்களுக்கு வீடு எல்லாம் இப்போதைக்கு இல்லை. அந்த ஊருக்குச் சின்னம்பேடுன்னு இன்னொரு பேர். லவனும் குசனும், எதிர்ல நிக்கிறது யாருன்னே தெரியாம, ராமன் மேலயே அம்பு எடுத்த இடம், சிறுவர் அம்பு எடுத்த ஊர்தான் அப்படி ஆச்சுன்னு தலபுராணம் சொல்லும். எதிராளி எவ்வளவு பெரிய ஆள்னு அந்தப் பிள்ளைங்களுக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா வில்லைத் தொட்டிருப்பாங்களான்னு யோசிச்சுப் பார்க்கிறேன்.

வர விருப்பம் இருக்கிறவங்க, தச்சூர் கூட்ரோடு தாண்டினதும் சிறுவாபுரி ஆர்ச்சுகிட்ட இறங்கிடுங்க. அங்க இருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும். காலையில ஆறு மணிக்கு முன்னாடியே வந்துட்டா வரிசை கொஞ்சம் கம்மி. எனக்குப் பகல் ஷிஃப்ட் இருக்கு, தம்பிக்கு மத்தியானம் டியூஷன். மரகத மயில் முன்னாடி நிப்போம், அடையாளம் கண்டு பேசுங்க. போனை மட்டும் பைக்குள்ள வச்சுட்டு வாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!